வீட்டு விஷயம்

மருத்துவமனைத் துணி பிரிக்கிறவனுக்கு மூக்கு செத்துப்போய்விடும் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். அப்படி ஒன்றும் செத்துவிடுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு என்னென்ன நாற்றம் வந்ததோ, மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற இந்த வருஷமும் அதே நாற்றம் வந்துகொண்டுதான் இருந்தது. முகம் சுளிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார். அதைத்தான் அனுபவம் என்று அந்தச் சலவை ஆலையில் சொன்னார்கள்.

மஞ்சள் பையில் வருவது மருத்துவமனைத் துணி. வெள்ளைப் பையில் வருவது ஓட்டல் துணி. மஞ்சளில் ஊசி இருக்கும், கரண்டி இருக்கும், ஒருமுறை யாரோ ஒரு கிழவரின் பல்செட் இருந்தது. வெள்ளையில் இருப்பதை வெளியே சொல்ல முடியாது. பிரித்து, இயந்திரத்தில் போட்டு, அது சுற்றி முடித்ததும் கதவைத் திறந்தால் போர்வைகளும் விரிப்புகளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். அதைக் கையால் இழுத்துத் தள்ளுவண்டியில் போடுவதுதான் அவர் வேலை. ஒற்றை விரிப்பு என்றால் ஒன்றுமில்லை. ஈரத்தோடு பின்னிக்கொண்டு வரும்போது பிணக் கனம் கனக்கும். அந்த இழுப்பில்தான் அவருடைய வலது தோள் போனது.

தோள் போனது ஆலையில் தெரிவதற்கு முன்னால் வீட்டில் தெரிந்தது. காலையில் சட்டை போடும்போது மனைவி பின்னால் நின்று கையை உருவிவிட வேண்டியிருந்தது. தலை சீவ இடது கை. சோறு பிசைய மட்டும் வலது கை முரண்டு பிடிக்காமல் வந்தது. "சாப்பாட்டுக்கு மட்டும் சரியா வருது பாரு" என்று அவரே கிண்டல் செய்துகொண்டார்.

குடும்பத்தோடு பிழைக்க வந்த அந்த நாட்டின் பேச்சு அவருக்கு வரவில்லை. இயந்திரச் சத்தத்தில் யார் யாரோடு பேசுவது? நில், சீக்கிரம், நாளைக்கு, நன்றி, இரண்டு கெட்டவார்த்தை. இதை வைத்துக்கொண்டே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார். மனைவி ஓர் அலுவலக கேன்டீனில் காய் நறுக்கி, அண்டா கழுவி, மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறவள். பாத்திரத்தோடு என்ன பேச்சு என்று அவளுக்கும் சேர்த்து அவரே சொல்லிவிடுவார். வீட்டில் பேச்சு வந்தது ஒரே ஒருத்திக்கு. சின்னப் பெண்ணாக இங்கே வந்து, இங்கேயே பள்ளியில் சேர்ந்து, சேர்ந்த வருஷமே அந்த ஊர்க் குழந்தைகளோடு சண்டை போடுகிற அளவுக்குப் பேசக் கற்றுக்கொண்ட மகள்.

அவளை அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஸ்பீக்கர் என்றே கூப்பிட்டார்கள். கூப்பிட்டது மட்டுமில்லை, தூக்கிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் வைத்துப் பேசவும் வைத்தார்கள். வீட்டுக்காரனிடம், வங்கியில், விசா அலுவலகத்தில், பிரசவ வார்டில். கீழ்வீட்டு மாமா ஒருவர் தம்முடைய மூலநோயை டாக்டரிடம் எடுத்துச் சொல்ல இந்தப் பிள்ளையைத்தான் அழைத்துப் போனார். அப்போது அவளுக்கு விவரம் தெரிகிற வயதுகூட இல்லை. மாமா கூச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்ல, இவள் நிமிர்ந்து உட்கார்ந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாளாம். மாமா வரும் வழியில் சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். அந்த மாமாவின் மனைவிக்கே தெரியாத விவரம் எல்லாம் இந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

ஆனால் அவள் வெறும் ஸ்பீக்கர் இல்லை. ஸ்பீக்கருக்குள் போனது அப்படியே வெளியே வரும். இவளிடம் அப்படி வராது. ஆலையின் சூப்பர்வைசர், இந்த ஆளுக்கு மூளை இருக்கிறதா என்று கத்தினால், "கொஞ்சம் கவனமா இருக்கச் சொல்றாருப்பா" என்பாள். அவனை நாலு வார்த்தை கேளு என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால், வருத்தப்படுகிறார், இனிமேல் நடக்காது என்று சூப்பர்வைசரிடம் சொல்வாள். இரண்டு பக்கத்திலும் முள்ளை எடுத்துவிட்டு மீனை மட்டும் பரிமாறுகிற வேலை. அதனால்தான் அப்பா அந்த ஆலையில் இத்தனை காலம் இருக்க முடிந்தது. அந்த வீட்டின் மானமும் மரியாதையும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் நாக்கில் நின்றுகொண்டிருந்தது என்று சொன்னால் அது மிகையில்லை. அப்படி நிற்க வைத்தது சரியா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு அலுவலகத்திலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பேசிப் பேசி, அந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வந்திருந்தது. சட்டம் படிக்க வேண்டும். அதை அவள் வீட்டில் சொன்ன அன்று அப்பா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுநாளிலிருந்து அவளைக் கூப்பிடுவதே வக்கீலம்மா என்றுதான். வக்கீலம்மா தண்ணி கொண்டா. வக்கீலம்மா செருப்பை எடுத்து உள்ள வை. துணி பிரிக்கிற இடத்தில் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தமிழ் தெரியாது. அவனிடமும் கையைக் கழுத்தடியில் வைத்து வக்கீல் கோட்டுப் பட்டை மாதிரிக் காட்டி, என் மகள், என் மகள் என்றிருக்கிறார். அவன் அவருக்குத் தொண்டை வலி என்று நினைத்துக்கொண்டான்.

தோள் விஷயம் ஆலைக்குத் தெரிய வந்தபோது சூப்பர்வைசர் மகளோடு வரச் சொன்னான். சலவை ஆலையின் அலுவலகம் இஸ்திரி உருளைகளுக்கு மேலே ஒரு தகரப் பெட்டி. கீழிருந்து நீராவி ஏறி ஏறி ஜன்னல் எப்போதும் வேர்த்திருக்கும். சூப்பர்வைசர் கெட்டவன் இல்லை. நல்லவனாக இருக்க அவனுக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். டாக்டர் சொன்னதை அவன் படித்திருந்தான். இன்னொரு முறை தசை கிழிந்தால் கை எழும்பாது. அதனால் இனி அரை வேலை, துணி மடிக்கிற இடத்தில். வருஷக் கடைசி வரை பார்ப்போம், அதற்குப் பிறகு எங்களால் வைத்துக்கொள்ள முடியாது, நீயே அவருக்குப் பதமாக எடுத்துச் சொல்லிவிடு என்றான். பதமாகச் சொல்வதில் அவள் கெட்டிக்காரி என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"தோள் சரியாகிற வரைக்கும் இலகுவான வேலை குடுக்கறாங்களாம்பா. மடிக்கிற இடத்துல. பாதி நேரம் போதுமாம்" என்றாள்.

அவர் எழுந்து நின்று சூப்பர்வைசரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதுவும் வலது கையால். நன்றி என்ற சொல் அவருக்குத் தெரிந்த சொற்களில் ஒன்று. அதை இரண்டு தடவை சொன்னார். சூப்பர்வைசர் அவளைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

விசா புதுப்பிக்க வேண்டுமானால் வீட்டில் யாராவது ஒருவருக்கு முழுநேர வேலை இருக்க வேண்டும். அந்த விதி அவளுக்கு மனப்பாடம். எத்தனை குடும்பங்களுக்கு அவள் அதைப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் கேன்டீன் அரைநாள் வேலை. அது கணக்கில் வராது. அப்பாவுடையதும் இனிமேல் வராது. ஊருக்குத் திரும்பிப் போகலாம்தான். கிளம்பி வரும்போது இருந்த கொஞ்ச நிலத்தையும் விற்றுவிட்டுத்தான் வந்தார்கள். இப்போது அங்கே இறங்கினால் பெட்டியை வைக்க ஓர் இடம் கிடையாது. இதை அப்பாவிடம் சொன்னால் அவர் என்ன செய்வார் என்பதும் அவளுக்குத் தெரியும். மடிக்கிற வேலையை விட்டுவிட்டு, தோள் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லி, மறுபடியும் அந்த ஈரத்துணியைப் போய் இழுப்பார். கை எழும்பாமல் போகிறவரை இழுப்பார்.

அவளை ஒத்த பிள்ளைகள் பள்ளியை முடித்துவிட்டுத் தங்களால் ஆனதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவன் ஊரில் ஒரு கல்லூரிக்குப் போனான். அங்கே அவனை வெளிநாட்டுக்காரன் என்று சொல்லிக் கட்டணத்தை இரட்டிப்பாக வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி கடையில் நின்றாள். பள்ளியில் வேலையோடு சேர்ந்த படிப்பு என்று ஒன்று இருந்தது. வாரத்தில் ஒருநாள் வகுப்பு, மற்ற நாள் எல்லாம் வேலை, முதல் மாதத்திலிருந்தே சம்பளம். முக்கியமாக, அது முழுநேர வேலை என்ற கணக்கில் வரும். அதில் சேர்ந்தவர்கள் மறுபடி மேல்படிப்புப் பக்கம் வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

கடைசி வருஷத்துப் பிள்ளைகளின் பெற்றோரைப் பள்ளியில் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது வழக்கம். அடுத்து என்ன என்று முடிவு செய்ய. மொழி தெரியாத பெற்றோருக்குப் பள்ளியே ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும், காசு கிடையாது. தமிழுக்கு வருகிற பெண்மணியை எல்லோருக்கும் தெரியும். நல்ல மாதிரி உடுத்திக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வருவாள். ரேடியோ அக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் ஒலிபரப்பிவிடுவாள் என்று. அவள் அப்படிச் சொல்லி யாரும் காதால் கேட்டதில்லை. ஒலிபரப்பியதெல்லாம் மற்றவர்கள்தான். ஆனாலும் பேர் நிலைத்துவிட்டது.

"அவ எதுக்கு? நம்ம புள்ளை இருக்கும்போது?" என்றார் அப்பா. "இவ என்ன மார்க்கு, என் தோளு எப்படி, வீட்டுல எத்தனை பேரு சம்பாதிக்கிறாங்க, எல்லாம் சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்."

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். "ஒருநாள்தானே, வந்துட்டுப் போகட்டுமே" என்ற மாதிரி. அவர் முறைத்ததும் விட்டுவிட்டாள். வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிற இடத்தில், அந்தப் பெண்ணையே நடுவில் உட்கார வைத்து, நீயே சொல்லம்மா என்று கேட்கிற புத்தி நம்மவர்களுக்குத்தான் வரும். அந்நியர் முன்னால் மானம் போகக் கூடாது. பெற்ற பிள்ளைக்கு எது போனாலும் பரவாயில்லை.

அன்று நல்ல மழை. அப்பா ஓட்டலில் கழித்துப்போட்ட துணியில் கிடைத்த ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தோள் அதில் புகுவதற்குள் அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. அறை சிறியது. மேஜை, நாற்காலிகள், சுவரில் பிள்ளைகள் செய்த ஏதோ காகிதப் பூ. ஆலோசனை டீச்சர் நடுவயதுக்காரி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிற ரகம். பெற்றோரைப் பார்த்து எழுந்து நின்றாள். அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

டீச்சர் பேச ஆரம்பித்தாள். இவளைப் போன்ற ஒரு பிள்ளையைப் பார்த்து ரொம்ப நாளாகிறது என்றாள். எழுத்து அப்படி, யோசனை அப்படி. இவள் சட்டம் படிக்க வேண்டும் என்கிறாள், படிக்கத்தான் வேண்டும். கட்டணம் இருக்காது, அதற்கு நானே எழுதுகிறேன், உங்களுக்குச் செலவு வராது. படிக்கிற வரை முழுநேர வேலைக்கு மட்டும் போகக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தபடி மகளைப் பார்த்தாள், சொல்லு என்பதைப் போல.

மகள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"பெரிய படிப்புக்கு என் மார்க்கு போதாதாம்பா."

"போதாதா?"

"பேச்சு வருதாம் எனக்கு. எழுத்து வரலையாம். வேலையோட சேர்ந்த படிப்பு இருக்குல்ல, அதுதான் எனக்குச் சரியா வரும்னு சொல்றாங்க."

அப்பா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு மோசமான சேதியை இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்கிறாளே என்று அவருக்கு இருந்திருக்கும்.

"நல்லாக் கேளு. எங்க கொறைஞ்சுதுன்னு கேளு. இன்னும் ஒரு வருஷம் கூடப் படிச்சா வருமான்னு கேளு. எங்கப்பா இன்னொரு ஷிப்டு பாத்தாவது படிக்க வைப்பாருன்னு சொல்லு."

அவள் டீச்சரிடம் சொன்னாள். அப்பா உங்களுக்கு நன்றி சொல்கிறார். முடிவை என்னிடமே விட்டுவிட்டார்கள். எனக்குப் படித்துப் படித்து அலுத்துவிட்டது, வேலையோடு சேர்ந்ததிலேயே சேர்கிறேன்.

டீச்சரின் சிரிப்பு போய்விட்டது. மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள். போன வாரம் வேறு மாதிரிச் சொன்னாயே என்றாள். வீட்டில் யாராவது உன்னை வற்புறுத்துகிறார்களா என்றாள். இல்லை என்றாள் இவள். டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. பெற்றோர் பக்கம் நேராகத் திரும்பி, அவர்களுடைய கண்ணைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள்: உங்களுக்கு இதில் சம்மதமா?

டீச்சர் தன்னிடம் ஏதோ கேட்கிறாள் என்று அப்பாவுக்குப் புரிந்தது. பெரிய இடத்தில் கேட்டால் மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. மரியாதையாகத் தலையை ஆட்டினார். பக்கத்தில் அம்மா மடியில் வைத்திருந்த குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். டீச்சர் அவளையும் பார்த்தாள். அம்மாவும் தலையை ஆட்டினாள்.

வெளியே வந்தபோது மழை விடவில்லை. அப்பா குடையை வாங்கிக்கொள்ளாமல் முன்னால் நடந்துபோனார். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், "இத்தனை வருஷம் என்னத்தப் படிச்ச நீ?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இருந்த பதிலை அவள் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் விழுங்கியிருந்தாள்.

வக்கீலம்மா என்ற பேர் அன்றோடு போயிற்று. திட்டினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். தெரிந்தவர்கள் பிள்ளை என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டால் அவரே முந்திக்கொண்டு சொன்னார். "எங்க படிக்கறது? மண்டை பூரா களிமண்ணு. வாய் மட்டும்தான் வேலை செய்யுது." அவள் டீ கொண்டுவந்து வைக்கும்போதே சொல்வார். சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். அவள் உள்ளே போய் அடுப்படியில் நின்றுகொள்வாள். அம்மா கரண்டியால் குழம்பைக் கிளறிக்கொண்டே இருப்பாள், கொதித்து அடங்கிவிட்ட குழம்பை.

பெரிய கடை ஒன்றில் ரொட்டிப் பிரிவில் அவளைப் பயிற்சிக்கு எடுத்தார்கள். ரொட்டி சுடுவது என்றால் மாவு பிசைவது, அது பொங்குவது என்றெல்லாம் அவள் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றுமில்லை. வேறெங்கோ பிசைந்து, உருட்டி, கல்லாக உறைய வைத்த மாவு அட்டைப் பெட்டிகளில் வரும். பெட்டியை உடைத்து, தட்டில் அடுக்கி, அடுப்பில் தள்ளி, மணி அடித்ததும் எடுக்க வேண்டும். அடுக்கும்போது விரல் உறைந்துபோகும். எடுக்கும்போது கை வெந்துபோகும். முதல் மாதத்திலேயே முழங்கைக்குக் கீழே தட்டின் விளிம்பு பட்டுக் கோடு கோடாகத் தழும்பு. அதெல்லாம் ஆரம்பத்தில் அப்படித்தான், அப்புறம் தோல் தடித்துவிடும் என்று அங்கிருந்த பெரியவள் ஒருத்தி சமாதானம் சொன்னாள்.

வாரத்தில் ஒருநாள் வகுப்பு. முதல் பாடம், கை கழுவுவது எப்படி. படம் போட்டுக் காட்டினார்கள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு. விசாச் சட்டத்தை வரி வரியாகப் படித்து நாலு குடும்பத்தைக் கரையேற்றியவள் அந்தப் படத்தைப் பார்த்துத் தன்னுடைய நோட்டில் வரைந்துகொண்டாள். வரைந்ததற்கு மதிப்பெண் உண்டு. முழு மதிப்பெண் வாங்கினாள். வீட்டில் சொல்லவில்லை.

விசா புதுப்பித்து வந்தது. அவளுடைய வேலையை வைத்துத்தான் புதுப்பித்தார்கள். அப்பா, தோளில் அடிபட்டும் தம்மை ஆலையில் வைத்திருக்கிற சூப்பர்வைசரின் பெருந்தன்மையால் அது கிடைத்தது என்று நம்பினார். சூப்பர்வைசருக்கு ஒரு டப்பா இனிப்புகூடக் கொண்டுபோய்க் கொடுத்தார். மகள் கடையிலிருந்து கொண்டுவருகிற, உடைந்ததும் கருகியதுமான ரொட்டியை அவர் தொடுவதில்லை. ஆறிப்போன சோறானாலும் அதைத்தான் தின்பார்.

வருஷம் முடிகிற சமயம். கடையில் கூட்டம் நெரிந்த ஒரு மத்தியானம். அவள் ரொட்டி அடுக்கும் அலமாரிக்குப் பின்னால் குனிந்து தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேன்டீன் வேலை முடிந்து அம்மா அந்த வழியாக வருவது உண்டு. மகளுடைய வேலை முடிகிறவரை நின்று சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். அன்றும் வந்து அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். ரொட்டி வாங்க வந்த ஆலோசனை டீச்சர் அவளைக் கண்டுகொண்டாள்.

நீங்கள் அவளுடைய அம்மாதானே என்று டீச்சர் கேட்டது மகளுக்குக் கேட்டது. எழுந்து போய் நடுவில் நிற்க வேண்டும் என்று தட்டைக் கீழே வைத்தாள். அதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள். அந்த நாட்டு மொழியில்.

ஆமாம், அம்மாதான் என்றாள். சௌக்கியமா என்றாள். டீச்சர், இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை, அவ்வளவு நல்ல பிள்ளை, அன்றைக்கு நான் சொன்னதெல்லாம் உங்களுக்குச் சரியாகப் புரிந்ததோ என்னவோ என்று எப்போதும் ஒரு சந்தேகம் என்றாள். புரிந்தது, நீங்கள் சொன்னது எல்லாமே எனக்குப் புரிந்தது என்றாள் அம்மா. இலக்கணம் அங்கங்கே இடறியது. ஆனால் ஒரு சொல்லுக்கும் அவள் தேடவில்லை. எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, உங்கள்மேல் தவறு கிடையாது என்றாள். டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்புறம் ரொட்டி வாங்காமலே போய்விட்டாள்.

மகள் அலமாரியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். தலையில் வலைத்தொப்பி, கையில் துடைக்கிற துணி.

"உனக்குப் புரியுமா?"

அம்மா அவளைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். மறைக்கப் பார்க்கவில்லை.

"எத்தனை வருஷமா அவங்க எச்சில் தட்டைக் கழுவறேன். காது என்ன பண்ணும்?"

"அன்னிக்கும் புரிஞ்சுதா?"

"எல்லாம்."

"அப்போ ஏம்மா பேசாம உட்கார்ந்திருந்த? நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சும்?"

அம்மா ஒரு ரொட்டியை எடுத்து அழுத்திப் பார்த்து மறுபடி வைத்தாள்.

"நான் வாயைத் திறந்திருந்தா நீ படிக்கப் போயிருப்ப."

பக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. "உங்கப்பா சம்பளம் பாதியானப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இனிமே அவருக்கு அங்க வேலை இல்லைன்னு. நானும் போய்க் கேட்டேன். முழுநாள் வேலை குடுப்பாங்களான்னு கேட்காத இடம் இல்லை. வயசாயிடுச்சுன்னாங்க. அன்னிக்கு அந்த டீச்சர் உன்னைப் பத்தி அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு குளுந்துச்சு. நீ இந்தப் பக்கம் திரும்பி வேற சொன்னப்ப... அப்பாடான்னு இருந்துச்சுடி. பெத்தவளுக்கு அப்படி இருக்கக் கூடாதுதான். இருந்துச்சு."

மகள் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அழுகை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. தான் ஒருத்திதான் இந்த வீட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம் என்று இத்தனை நாள் அவளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தில்தான் களிமண் என்ற பேச்சைக்கூடத் தாங்க முடிந்தது. தானாகத் தூக்கிக்கொள்ளவில்லை, தன் தலையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள் என்று இப்போது தெரிந்தது.

"அப்பாகிட்டயாவது சொல்லேன். நான் மக்கு இல்லைன்னு மட்டும் சொல்லேன்."

"சொன்னா நாளைக்கே போய் ஈரத்துணியை இழுப்பாரு. அந்தக் கையும் போகணுமா?"

வீட்டுக்குச் சேர்ந்துதான் நடந்தார்கள். வழி முழுக்க அம்மா பின்தங்கியே வந்தாள். மகள் ஒரு தடவையும் நிற்கவில்லை.

சாயங்காலம் அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். வந்ததும் வராததுமாகக் கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். சோறும் பருப்பும் முட்டையும் வைத்தாள் அம்மா. அவர் மகளிடம் நேராகப் பேசுவதில்லை அல்லவா, மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கான் சூப்பர்வைசர். மேல, அந்த ரூமுக்கு. பேசறதுக்கு ஆளோட வான்னு கையைக் காட்டிச் சொன்னான். பழைய வேலையத் திருப்பிக் குடுப்பான்னு நெனைக்கிறேன். தோளும் இப்ப தேவலைதானே. அவளை லீவு போட்டுட்டு வரச் சொல்லு. படிப்புதான் ஏறலை, வாயாவது நமக்குப் பிரயோசனப்படட்டும்."

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். சூப்பர்வைசர் எதற்குக் கூப்பிடுகிறான் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கிவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்கு எனக்கு வேலை இருக்குப்பா. அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. அம்மா என்னைவிட நல்லாப் பேசுவா."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் இருந்த கோபத்தையெல்லாம் மறந்து, தட்டின்மேல் குனிந்து, நல்ல தோள் குலுங்கச் சிரித்தார். "யாரு, உங்கம்மாவா? அவ போய் அங்க என்னத்தப் பேசுவா? சாம்பார் வாளியப் பத்தியா?"

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.